கடலுக்குச் சுற்றிப் போடுகிறவள்

சாளைமுனையில் கடலுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவது அரசு வேலை. அந்த வேலையில் இருந்தவள் பவளக்கனி.

இப்படி ஒரு வேலை ஏற்பட்டதற்குக் காரணம் செயற்கைக்கோள். காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அது தினமும் ஒருமுறை ஊருக்கு மேலே போகும். போகிற போக்கில் கடலைப் பார்க்கும். பார்ப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. கடல்மேல் எதையும் எறியாது. வெயில் கடலில் விழுந்து என்ன நிறமாகத் திரும்பி மேலே வருகிறதோ அதை வாங்கிக்கொள்ளும். கடலின் உடம்பிலிருந்து கிளம்புகிற சூட்டையும் வாங்கிக்கொள்ளும். பச்சை கூடின இடத்தில் மீனுக்குத் தீனி கிடக்கிறது, சூடு ஏறின இடத்தில் பவளப்பாறை வெளுக்கப் போகிறது என்று கரையில் இருக்கும் நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடும். மேகம் குறுக்கே நின்றால் பேசாமல் கடந்துபோகும், எட்டிப் பார்க்கிற புத்தியெல்லாம் கிடையாது. ஊரில் அதை மரியாதையாகப் ‘பார்க்கிறவர்’ என்பார்கள்.

இன்னொரு செயற்கைக்கோளும் உண்டு. அது வேறு சாதி. மேலேயிருந்து கடல்மேல் ஒரு துடிப்பை எறியும், திரும்பி எகிறி வருவதைப் பிடித்துவைத்துக் கணக்குப் போடும். மேகம் இருந்தாலும் எறியும், இருட்டினாலும் எறியும். அதற்கு ‘எறிகிறவர்’ என்று பெயர். எறிகிறவருக்காகச் சாளைமுனையில் யாரும் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அவர் எறிந்துவிட்டுப் போகட்டும், பட்ட இடத்தைக் கடல் தடவிவிட்டுக்கொள்ளும். பார்க்கிறவர் பார்ப்பதுதான் பொல்லாதது.

அதிலும் சாளைமுனைக் கடல் ஏனோதானோவென்று கிடக்கிற கடல் இல்லை. பாறைத் திட்டுக்கு இந்தப் பக்கம் வாழைக்குருத்துப் பச்சை, அந்தப் பக்கம் மயில்கழுத்து நீலம். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு நெளிவு இருக்கும். அந்த நெளிவைப் பார்ப்பதற்காகவே பக்கத்து ஊர்களில் இருந்து பெண் கொடுக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட கடலைத் தினமும் ஒருவர் உயரத்தில் நின்று வாய் திறக்காமல் பார்த்துவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா? அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டார்கள், பதவி வந்தது.

பதவிக்குத் தேர்வு வைத்தார்கள். மூடிய அறைக்குள் ஒரு கொத்து மிளகாயைக் கருக்கி, இருமாமல் ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒன்பத்தெட்டு எழுபத்திரண்டு வரைக்கும் வந்து கவிழ்ந்தவர்கள் பலர். பவளக்கனி முடித்துவிட்டு, பத்தாம் வாய்ப்பாடும் சொல்லவா என்று கேட்டாள்.

வேலை எளிதுதான். பார்க்கிறவர் கடந்துபோனதும் பவளக்கனி கல்லுப்பு, மிளகாய் வற்றல், கடுகு, கொஞ்சம் தெருமண் எல்லாவற்றையும் கையில் பொத்திக்கொண்டு கரைக்கு வருவாள். திருஷ்டி கழிக்கிறவர்களைக் கிழக்குப் பார்க்க உட்காரவைக்க வேண்டும். கடலோ வழக்கமாக ஊரைப் பார்த்து, மேற்கு முகமாக உட்கார்ந்திருக்கும். “திரும்பி உக்காரு தாயி” என்பாள். கடல் திரும்பி உட்காரும். அந்தக் கொஞ்ச நேரம் அலைகள் கரையில் புறப்பட்டு வெளியே போகும். டீசல் மிச்சமாகும் என்று தோணிக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். பவளக்கனி வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றி, துப்பச் சொல்வாள். கடல் மூன்று முறை துப்பும். துப்பியதில் சங்கு கிடந்தாலும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது.

உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கடலுக்குச் சுற்றியதைக் கடலிலேயே கரைப்பது முறையில்லை என்பதால் ஊர்க்குளத்தில் கரைத்தார்கள். குளம் இப்போது கரிக்கிறது, வேளைக்கு வேளை ஏறி வற்றுகிறது. குளத்தில் சாளை மீன் படுவதால் அதைக் கவனிக்கத் தனி ஆள் போட்டிருக்கிறார்கள்.

மிச்சத்தை அடுப்பில் போடுவாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடிக்காது, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாளைமுனையில் ஒருநாளும் நெடித்ததில்லை. படபடவென்று வெடித்துக் கருகும், நெடி மட்டும் வராது. ஊரே வாசலில் நின்று மூக்கை விரித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போகும். பவளக்கனிக்கு அந்த நேரத்தில் இருக்கிற பெருமை, பெற்ற பிள்ளை கலெக்டரானால்கூட வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை நெடித்தது.

முதலில் ஒரு ஆடு இருமியது. பிறகு டீக்கடையில், பிறகு பள்ளிக்கூடத்தில். கடைசியில் பவளக்கனியே இருமினாள். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நெடித்தது என்றால் கண் படவில்லை. கண் படவில்லை என்றால் பார்க்கிறவர் பார்க்கவில்லை. சாளைமுனைக் கடலைப் பார்க்கத் தோன்றாமல் ஒருவர் அதன்மேல் கடந்துபோயிருக்கிறார்.

புதன்கிழமையும் நெடித்தது. வியாழக்கிழமையும்.

கடலுக்கும் விஷயம் எட்டிவிட்டது. யாரும் பார்க்காத வீட்டில் எதற்குத் தலை வார வேண்டும் என்கிற மாதிரி அது கலைந்து கிடந்தது. அலைகள் வரிசை இல்லாமல் வந்தன. நுரையைக் கரையில் போட்டுவிட்டு, எடுக்காமல் போயிற்று. வாழைக்குருத்துப் பச்சை வெளிறிக் கஞ்சித் தண்ணீர் நிறமாகிவிட்டது. நெளிவு இருந்த இடமே தெரியவில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் எதற்கு மினுங்குவது என்று சாளைகள் கூட்டம் கூட்டமாகப் பக்கத்து ஊரான கீழமுனைப் பக்கம் நகர்ந்தன. இப்படியே விட்டால் தண்ணீர் இருக்கும், உப்பு இருக்கும், ஆனால் அது கடலாக இருக்க மெனக்கெடாது என்று பவளக்கனிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச, கீழமுனைத் தலைவர் ஆறுமுகநயினார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கீழமுனைக் கடலுக்கு யாரும் சுற்றிப் போட்டதில்லை. அந்தக் கலங்கலைப் பார்த்துப் பொறாமைப்படும் கண் இன்னும் படைக்கப்படவில்லை என்று பவளக்கனியே பல பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

“என்ன மைனி, உங்க ஊர் இருமல் எங்க ஊர் வரைக்கும் கேக்கு” என்றார்.

“சளிக்காலம் அண்ணாச்சி.”

“சித்திரை மாசத்துலயா? ஒருவேளை இத்தனை நாளும் உங்க மிளகாய்ல காரம் இல்லாம இருந்திருக்கும். நான் நல்ல மிளகாயாப் பார்த்து அனுப்பி வைக்கட்டா?”

பவளக்கனிக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் நெடிக்காததற்குக் காரணம் கண் அல்ல, சொத்தை மிளகாய் என்கிறார். அப்படியானால் சாளைமுனைக் கடல் என்றைக்குமே அழகாக இருந்ததில்லை என்று அர்த்தம். “மோர் குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அவள் நிலையத்துக்குப் போனாள். பெரிய கிண்ணம் போன்ற ஆண்டெனாவை வானத்துக்கு ஏந்திக்கொண்டு நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு ரெஜினால்டு பொறுப்பு. பார்க்கிறவர் சொல்வதை வாங்கிப் படமாக்குவது அவர்தான். சாளைமுனையில் பிறந்து, வெளியூரில் படித்து, இந்தக் கடலை விட்டால் வேறு கடல் தெரியாது என்று திரும்பி வந்தவர்.

“தம்பி, அவர் வாராரா?”

“வாராரு அக்கா. ஒருநாளும் தவறல.”

“படம் வருதா?”

“நம்ம கடல் படம் ஜோரா வருது. அதுதான் கோளாறு.”

ரெஜினால்டு திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை, நீலம், நெளிவு எல்லாம் இருந்தன. கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கடல் கிடக்கிற அன்றைக்கும் படத்தில் மயில்கழுத்தாக மின்னியது. “இது நம்ம கடல்” என்றார். அடுத்த படத்தைப் போட்டார். அதே பச்சை, அதே நெளிவு. “இது கீழமுனை.” இன்னொன்றைப் போட்டார். “இது வடக்கே, பாலைவனம்.”

பார்க்கிறவர் பார்த்துப் பார்த்து, சாளைமுனைக் கடல் அவர் கண்ணிலேயே படிந்துவிட்டது. இப்போது எதன்மேல் போனாலும் அதுதான் தெரிகிறது. குனிந்து பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் போயிற்று. பாலைவனத்து அதிகாரிகள் படத்தை நம்பி மீன்வரத்து அறிவித்துவிட்டார்கள். சனங்கள் வலை வாங்கிக்கொண்டு மணலில் தோணியைத் தள்ளிப் போயிருக்கிறார்கள். நல்ல மீன்பாடு என்று கேள்வி.

பவளக்கனிக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு இங்கே கலைந்து கிடக்கிற கடலின் நினைப்பும் வந்தது. “அப்போ புதுசா பாக்கச் சொல்லுங்க அவரை” என்றாள்.

“அவர் சொன்னாக் கேக்கிற ஆள் இல்ல அக்கா, பாக்கிற ஆள்தான.” ரெஜினால்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “நான் ஒண்ணு கேக்கேன். நீங்க மிளகாயைக் கடலுக்குச் சுத்துதீங்க. சுத்தி முடிச்சதும் என்ன செய்வீங்க?”

“போடுவேன்.”

“இவரு எத்தனை வருசமா பூமியைச் சுத்துதாரு? யாராவது போட்டாங்களா?”

பவளக்கனி திரையைப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் பார்க்கிறவர் போகும் பாதை கோடாக ஓடியது, மேலிருந்து கீழாக, மறுபடி மேலாக, சுற்றுக்குமேல் சுற்றாக. தலையில் தண்ணீர் ஊற்றினது போல் இருந்தது அவளுக்கு. இத்தனை காலமும் அவர்தான் கண் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் இல்லை. மிளகாய். யாரோ சுற்ற ஆரம்பித்திருக்கிறார்கள், போட மறந்திருக்கிறார்கள். சாளைமுனைக் கடல்மேல் பட்ட ஊர்க் கண், உறவுக் கண் எல்லாம் அவர்மேல் ஏறி, இனி ஏற இடமில்லாமல் நிரம்பிப்போயிருக்கிறார். அரசு வேலையில் ஆள் மாறும்போது இப்படி நடப்பதுதான்.

ரெஜினால்டு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். வயதான செயற்கைக்கோளை எப்படியும் இறக்கத்தான் வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று ஊர் வழக்கம் சொல்கிறதோ அங்கே இறக்குங்கள் என்றார்கள். சுற்றியதை முச்சந்தியில் போடுவதுதான் வழக்கம். தெருவுக்கு முச்சந்தி மூன்று தெரு சேருமிடம். கடலுக்கு முச்சந்தி மூன்று கடல் சேருமிடம். கன்னியாகுமரிக்கு வேன் பிடித்தார்கள்.

அமாவாசைக் காலை. கன்னியாகுமரிக் கடைக்காரர்கள் விவரம் கேட்டுச் சங்குமாலைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தாங்களும் வந்து வடக்குப் பார்த்து நின்றார்கள். திருஷ்டிப் பொருள் விழுவதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்று கடல்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டன. அங்கே சாளைமுனையில் கடல் கண்ணை மூடித் தட்டையாகக் கிடப்பதாகத் தகவல் வந்தது.

ஆறுமுகநயினாரும் வந்திருந்தார். நெடித்தால் முதல் ஆளாக இருமுவதற்கு வசதியாகத் துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, பவளக்கனிக்குப் பக்கத்திலேயே நின்றார். சில நாள் நெடியைச் சளி என்று சொல்லிவிடலாம். இதில் நெடித்தால் அத்தனை வருசமும் பொய். பச்சை பொய், நெளிவு பொய், மூக்கை விரித்து நின்ற காலைகளெல்லாம் பொய். கடலிடம் போய் என்னவென்று சொல்லுவாள்?

“வாராரு” என்றார் ரெஜினால்டு, காதில் போனை வைத்தபடி.

கற்பூரம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அவரே எரிந்துகொண்டு வந்தார். எல்லோர் நிழலும் ஒரு நொடி வடக்கே நீண்டு சுருங்கியது. முதுகுக்குப் பின்னால் பூசணிக்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. தெற்கேயிருந்து காற்று வந்து எல்லோர் மேலும் படிந்தது.

ஒருவரும் மூச்சு விடவில்லை. முதலில் விட்டவர் ஆறுமுகநயினார்தான். துண்டை எடுத்துவிட்டு, அடிவயிறு வரைக்கும் இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

“நெடியே இல்ல மைனி” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு பொட்டு நெடி இல்ல. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு உங்க கடல் மேல!”

பவளக்கனி அழுதாள். மறைக்கவில்லை, முந்தானையும் தேடவில்லை. என் கடல், என் கடல் என்று சத்தமாகவே சொல்லி அழுதாள். ஆறுமுகநயினார் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்லி, காசும் அவரே கொடுத்தார். அப்படி ஒன்றை அவர் அதற்கு முன் செய்ததில்லை.

ஊர் திரும்பியபோது கடல் தலை வாரி முடித்து உட்கார்ந்திருந்தது. நுரையெல்லாம் எடுத்தாகிவிட்டது. பாறைத் திட்டுக்கு அருகே நெளிவு பழையபடி ஓடியது. சாளைகளும் ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வந்துவிட்டன.

ஆனால் பார்க்க இனி யார்? பவளக்கனிக்கு அதுவும் உறைத்தது. பெருமையை நிரூபித்த கையோடு, பார்க்கிறவரையும் அனுப்பிவைத்தாயிற்று. இப்படியே விட்டால் கடல் மறுபடி கலைந்துவிடும்.

“புதுசு ஒண்ணு அனுப்புவாங்க அக்கா, கொஞ்ச நாள் ஆகும்” என்றார் ரெஜினால்டு. பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். “ஆமா, நிலாவும் சுத்துதே. அதையும் யாரோ போட மறந்துட்டாங்களோ?”

“அது மறக்கல தம்பி. மாசாமாசம் அமாவாசைக்குப் போட்டுட்டு வேற கட்டுதாங்கல்லா. நம்ம ஊர்ல வாசல் பூசணிக்காயைக்கூட அம்புட்டு ஒழுங்கா மாத்துததில்ல.”

சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். அவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கிற ஆளைப் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. மறுநாள் மாலை, வெயில் தாழ்ந்ததும், நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு கரைக்கு வந்தாள்.

முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பக்கத்தில் ஏணி. ஏணியின் கால் மணலில் ஊன்றியிருந்தது, தலை மேற்கே ஊருக்குமேல் சாய்ந்து கண்ணுக்கு எட்டாமல் போயிருந்தது.

“மைனி, ஏணியைக் கொஞ்சம் பிடிக்கியளா? இங்க மணல் இளகுது.”

பவளக்கனி பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மேலே ஏறிப்போய்த் துணியை அவிழ்த்து, கீற்றுப் போல ஒன்றை மேற்கே மாட்டினாள்.

“ரொம்பப் பிஞ்சா இருக்கே?” என்றாள் பவளக்கனி.

“பிஞ்சாத்தான் கட்டணும். அதுவா முத்திக்கிடும்.”

வேலை முடிந்தும் அவள் இறங்கவில்லை. ஏணியில் திரும்பிச் சாய்ந்து நின்று கடலைப் பார்த்தாள். கடலும் அதைக் கவனித்துவிட்டு அலைகளை ஒருமுறை உதறி விரித்தது. கடைசி வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் சேருகிற இடம் நெளிந்தது. அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. இமைக்கவும் இல்லை.

“இருட்டுது, இறங்குங்க” என்றாள் பவளக்கனி.

“இருங்க மைனி. எத்தனையோ கடலுக்கு மேல கட்டியிருக்கேன். இப்படி ஒண்ணை...” என்று சொல்லி, முடிக்காமல், மறுபடி பார்த்தாள்.

பவளக்கனி ஏணியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உப்பும் மிளகாயும் இருந்தன.

“திரும்பி உக்காரு தாயி” என்றாள் கடலிடம்.

அலைகள் கரையிலிருந்து கிளம்பிக் கிழக்கே போயின.